பள்ளி இதழில் உலகச் செய்தி வேண்டுமா?

மொரீசியசில் நம் பிள்ளைகள் நடத்தும் பள்ளி இதழுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பள்ளிச் செய்தி மட்டும்: விளையாட்டு விழா, தைப்பூசக் காவடி, ஓய்வு பெறும் ஆசிரியர். இதை வேறு யாரும் எழுதப்போவதில்லை. பிள்ளைகளே நேரில் கேட்டு எழுதலாம். பிழை இருந்தால் மறுநாளே தெரிந்துவிடும்.

இன்னொன்று, உலகச் செய்தியையும் சேர்ப்பது. இணையத்தில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டால், பருவத்துக்கு ஒரு முறை வரும் இதழில் அது பழங்கஞ்சிதான்.

சரி, 2020 ஜூலை 25-ஐ நினைத்துப் பாருங்கள். ஜப்பானிய நிறுவனத்தின் வகாஷியோ கப்பல், பனாமா கொடியோடு பிரேசிலுக்குப் போகும் வழியில், நம் தென்கிழக்குப் பவளப்பாறையில் ஏறி நின்றது. அப்புறம் சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்தது. மாஹேபூர்ப் பக்கம் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து மிதவைத் தடுப்பு செய்தார்கள். இது உலகச் செய்தியா, ஊர்ச் செய்தியா? அந்தக் கரையில் வளரும் பிள்ளையைவிட இதை நன்றாக யார் எழுதுவார்?

என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. ஆனால் செய்தி நம் கரையைத் தொடும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பற்றி எழுதுவதென்றால், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் போர்ட் லூயியிலேயே இருக்கின்றன. முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.