நீல அச்சா, கேசட் குரலா?

செட்டிநாட்டில் முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நாளில் அவர்களை நினைக்க ஒரு கலைப்பொருள் செய்பவருக்கு துணியில் நீல அச்சுப் படம், பழைய கேசட்டில் பதிந்த குரல் இரண்டுமே நல்ல வழிகள்.

1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் என்ற நீல அச்சு முறைக்கு முழு இருட்டறை வேண்டாம். அப்பத்தாவின் வெள்ளைப் பருத்திச் சேலையில் இரும்பு உப்புக் கரைசலை நிழலில் பூசி உலர்த்தி, பெரிதாக்கிய நெகட்டிவை வைத்து, வளவு (முற்றம்) வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் ஐயாவின் முகம் நீலத்தில் எழும்பி வரும். வெளிச்சத்தில் மங்கினாலும் இருட்டில் வைத்தால் ஓரளவு மீளும். சோப்பு மட்டும் ஆகாது.

கேசட்டுக்குப் பூஞ்சைதான் எமன். ஆனாலும் அப்பத்தா நடுவில் இருமிவிட்டுத் தாலாட்டைத் தொடரும் இடம் எந்தப் படத்திலும் கிடைக்காது. துக்கம் ஆற நான் குரலைத்தான் சொல்வேன். வீடே சேர்ந்து கேட்கலாம், அழலாம். போடும் முன் டிஜிட்டலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.