பழைய க்யூ, மோஜோ, கெர்ராங் கட்டு: கட்டுரைய விடுங்க, விளம்பரப் பக்கத்துக்காகவே வாங்கலாம்

செகண்ட் ஹேண்ட் புக் விக்கிற ஒரு ஆன்லைன் கடைல பிரிட்டிஷ் மியூசிக் மேகசின் கட்டா கெடச்சுது. க்யூ, மோஜோ, கெர்ராங் மூணும் கலந்து, 1990கள் கடைசில இருந்து 2013 வரைக்கும் உள்ள இஷ்யூஸ், மொத்தமா 2,400 ரூபா. பேட்டி படிக்கணும், ரிவ்யூ படிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது தேவையே இல்ல, அந்த மாதிரி விஷயம் நெட்லயே கொட்டிக் கெடக்கு. நான் வாங்கினது ஆல்பம் விளம்பரத்துக்காக மட்டும். டிசைன் வேலை, அப்பப்போ சின்ன பேண்டுங்களுக்கு போஸ்டரும் கவரும் பண்ணிக் குடுக்குறேன், அந்தக் கணக்குல பாத்தா குடுத்த காசுக்கு மேலயே சரக்கு இருக்கு.

குறைய மொதல்லயே சொல்லிடுறேன். பேக்கிங் படு மோசம், அட்டை கூட வைக்காம வெறும் பாலிதீன்ல சுத்தி அனுப்பிருக்காங்க, மூலையெல்லாம் மடங்கி நாய்க்காது மாதிரி ஆயிருச்சு. அதக்கூட விடலாம், சில இஷ்யூல பின் அட்டையே இல்ல! மேகசின்லயே காஸ்ட்லியான விளம்பர இடம் அதுதான், பெரிய ஆல்பத்த எல்லாம் லேபிள்காரங்க, அதாவது ஆல்பம் வெளியிடுற கம்பெனிக்காரங்க, அங்கதான் இறக்குவாங்க. கேட்டா "உள்ள எல்லா பக்கமும் இருக்குல்ல சார், படிக்கலாமே"ன்னு பதில். சரி விடுங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். சும்மா புரட்டினா எல்லா விளம்பரமும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி தெரியும். மேல பேண்டு பேரு பெருசா, ஆல்பம் கவர்ல என்ன ஃபாண்ட்டோ அதே ஃபாண்ட்ல, கீழ ஆல்பம் பேரு, பக்கம் முழுக்க கவர் படத்தையே பெருசாக்கியோ இல்ல அதே ஷூட்ல எடுத்த இன்னொரு போட்டோவோ, கீழ் மூலைல குட்டியா சிடி கவர், பக்கத்துல "அவுட் நவ்", அடில லேபிள் லோகோ. என்னடா யாருக்குமே சொந்தமா யோசிக்கத் தெரியலையான்னு தோணும். ஆனா இத வாங்கினவன் எங்க போவான்னு யோசிச்சா புரிஞ்சிடும். சனிக்கிழமை ஹெச்எம்வி மாதிரி கடைக்குப் போய் ரேக்ல சிடிய தள்ளித் தள்ளிப் பாப்பான், அந்த நேரத்துல கை தானா ஒரு கவர்ல நிக்கணும், அதுக்குத்தான் இந்த ஒரு பக்கம். பாட்டு எப்படி இருக்கும்னு விளக்குற வேலையே இதுக்குக் கெடையாது, அந்தக் கவரோட மூஞ்சிய மனசுல பதிய வைக்கணும், அவ்வளவுதான். அதனாலதான் கலரையோ ஃபாண்ட்டையோ யாரும் மாத்துறதில்ல.

ஒரு பக்கத்த மட்டும் லென்ஸ் வெச்சு ரொம்ப நேரம் பாத்தேன். ஒரு இண்டி (சுயாதீன) பேண்டு, வலது பக்க ஃபுல் பேஜ், முழுக்க கருப்பு. அந்தக் கருப்பு வெறும் கருப்பு மை இல்ல, அடில கொஞ்சம் நீலமும் சிவப்பும் சேத்து அடிச்சிருக்காங்க, அப்பதான் ஆழமா தெரியும். ஆனா அதுக்குள்ள வெள்ளையா பொடி எழுத்து விட்டா ப்ளேட் ஒரு நூல் நகந்தாலும் எழுத்து அடைச்சுக்கும், இதுல அடில இருக்குற காப்பிரைட் வரி அப்படித்தான் பாதி முழுங்கிப் போச்சு. பேண்டு பேரு மட்டும் தடி எழுத்துல தப்பிச்சிருச்சு. அப்புறம் பைண்டிங் பக்கம் ஒரு எழுத்து கூட வரல, எல்லாம் வெளி ஓரத்துக்குத் தள்ளி, ஏன்னா மேகசின முழுசா விரிக்காம கட்டைவிரலால ஓட்டிட்டே போறவன் கண்ணுல அந்த ஓரம்தான் படும். சிடி கவர் வலது கீழ் மூலைல, பக்கத்த திருப்ப விரல் போற எடத்துல. இதெல்லாம் தெரியாம நடந்ததுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

ஸ்டார் விஷயம் தனி காமெடி. க்யூ ரிவ்யூல ரேட்டிங் அஞ்சு ஸ்டாருக்கு, அத அப்படியே விளம்பரத்துல எடுத்துப் போட்டுக்குவாங்க. அஞ்சு வாங்கினா அஞ்சையும் கட்டம் கட்டிப் போடுவாங்க, நாலு வாங்கினா நாலு ஸ்டார் மட்டும் ஜம்முன்னு நிக்கும், அஞ்சாவது காலி ஸ்டார் எங்க போச்சுன்னே தெரியாது. மூணு வாங்கினவன் ஸ்டாரே போட மாட்டான், ரிவ்யூல இருந்து ஒத்த வார்த்தைய உருவி கொட்டேஷன் போட்டு முடிச்சிடுவான். நடுவுல மூணு புள்ளி வந்தா உஷார், அந்தப் புள்ளிக்குள்ள ஒரு "ஆனாலும்" ஒளிஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

தேதியையும் கவனிங்க. இந்தக் கட்டுல வர்ற பிரிட்டன் ரிலீஸ் தேதி எல்லாம் பெரும்பாலும் திங்கக்கிழமை. ரேடியோஹெட்டோட கிட் ஏ 2000 அக்டோபர் 2, அடெலோட 21 வந்தது 2011 ஜனவரி 24, ஆர்க்டிக் மங்கீஸோட ஏஎம் 2013 செப்டம்பர் 9, காலண்டர எடுத்துப் பாருங்க மூணுமே திங்கள்தான். 2015 ஜூலை 10ல இருந்துதான் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைன்னு ஆச்சு. மாசப் பத்திரிகை ரொம்ப முன்னாடியே ப்ரெஸ்ஸுக்குப் போயிடும்ல, அதனால ஒரே ஆல்பத்துக்கு ஒரு மாசம் தேதி போட்ட விளம்பரமும் அடுத்த மாசம் ஸ்டார் வெச்சு "அவுட் நவ்" விளம்பரமும் வரும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா லேஅவுட் அதேதான், ஸ்டாருக்கு எடம் விடுறதுக்காக பேண்டு பேர மட்டும் கொஞ்சம் மேல தூக்கியிருப்பாங்க.

பேர பெருசா போடுற விதிய மீறினவங்கள்ல பெரிய ஆளுன்னா லெட் செப்பெலின்ங்கிற ராக் பேண்டு, அது இந்தக் கட்டுக்கு ரொம்ப முந்தின கதை. 1971ல வந்த அவங்க நாலாவது ஆல்பத்து கவர்ல பேண்டு பேரும் இல்ல ஆல்பம் பேரும் இல்ல, பேண்டுல ஆளுக்கு ஒரு சின்னம்னு நாலு சின்னம்தான் ஆல்பத்துக்கு அடையாளம். கவர்லயே பேரு இல்லாதப்ப கடைல எப்படித் தேடுவான்? ரிலீஸுக்கு முன்னாடியே அந்தச் சின்னத்த தனித்தனியா டீசர் விளம்பரமா விட்டாங்க. ஆல்பத்த கண்ணுக்குப் பழக்குற அதே வேலைதான், பேரில்லாம செஞ்சிருக்காங்க.

கெர்ராங் ராக், மெட்டல் பத்திரிகை, அந்தப் பக்கம் வந்தா வேற உலகம். கருப்பு, ரத்தச் சிவப்பு, மண்டையோடு, முள்ளுச்செடிய பிடுங்கிப் போட்ட மாதிரி லோகோ, பேண்டோட அம்மா வந்தா கூட படிக்க முடியாது. அது அவங்களுக்கே தெரியும் போல, கீழ சாதா எழுத்துல பேர திரும்ப ஒரு தடவ போட்டுடுறாங்க. இதுல டூர் தேதி எல்லாம் சின்ன எழுத்துல நெருக்கி அடிச்சிருக்காங்க, அரை பக்க விளம்பரம்தான் ஜாஸ்தி. பேப்பரும் மட்டம், கலர் செத்துப் போய் இருக்கு. க்யூவும் மோஜோவும் வழவழ பேப்பர், அதுல கலர் இன்னும் அப்படியே நிக்குது.

நம்ம ஆளு ஒருத்தங்கள பத்தி சொல்லாம விட முடியாது, பாடகி எம்ஐஏ, அதான் மாயா அருள்பிரகாசம். லண்டன்ல பொறந்து, சின்ன வயசுல யாழ்ப்பாணப் பக்கம் இருந்துட்டு திரும்பிப் போய் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்ங்கிற லண்டன் ஆர்ட் காலேஜ்ல படிச்சவங்க. சுத்தி இண்டி பேண்டெல்லாம் வெள்ளை எடத்த விட்டு அடக்கமா உக்காந்திருக்குறப்ப அவங்க 2005ல அருளர்னு அப்பா பேர்ல ஒரு ஆல்பம் விட்டாங்க, கவர் பூரா ஸ்டென்சில் படம், கண்ணு உக்காரவே எடம் இருக்காது. 2010 மாயா கவர்ல யூடியூப் ப்ளேயரோட பட்டைய அடுக்கி மூஞ்சியையே மறச்சிருப்பாங்க. பாப் ஆல்பம்னா பாடுறவங்க மூஞ்சிய பெருசா காட்டணும்ங்கிறது எழுதாத சட்டம், அத அப்படியே கவுத்துட்டாங்க. ஆனா ரேக்ல அந்தக் கவர தாண்டிப் போறது கஷ்டம், அந்த வகைல விளம்பர வேலைய கவரே பாத்துடுது.

கடைசி சில வருஷத்து இஷ்யூ எனக்கு அவ்வளவு ஒட்டல. பழைய பக்கத்துல அடில கடை லோகோ வரும், விளம்பரக் காச லேபிளும் கடையும் பங்கு போட்டுக்கிற ஏற்பாடு. 2004ல பிரிட்டனுக்கு நெட்ல பாட்டு விக்கிற ஐட்யூன்ஸ் வந்துச்சு, 2009 ஆரம்பத்துல சிடி வித்த உல்வொர்த்ஸும் ஸாவியும் கடைய மூடினாங்க, 2013 ஜனவரில ஹெச்எம்வியே திவால் நடவடிக்கைக்குப் போச்சு. அடி வரில இது அப்படியே தெரியுது, கடை பேரு கொறஞ்சு வெப்சைட் பேரு பெருசாகுது, மூலைல இருந்த சிடி கவர் சிலதுல காணாமலே போயிடுது. ரேக்கே இல்லாதப்ப கவர யாருக்கு ஞாபகப்படுத்துறது? விளம்பரம் அழகா இருக்கு, ஆனா ஒரு பெர்ஃப்யூம் விளம்பரமா ஆல்பமான்னு ரெண்டு செகண்டு யோசிக்க வேண்டியிருக்கு. க்யூவே அச்சுல வர்றது 2020 ஜூலைல நின்னு போச்சு.

வாங்குறதா இருந்தா 1990கள் கடைசில இருந்து 2005 வரைக்கும் உள்ள க்யூ, மோஜோ எடுங்க, கெர்ராங் தனியா விலை கேட்டா மெட்டல் பைத்தியம் இல்லாதவங்க தவிர்க்கலாம். ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பின் அட்டை போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அட்டை வெச்சு பேக் பண்ணச் சொல்லி எழுத்துல வாங்கிக்கோங்க. சரக்குக்கு நாலு ஸ்டார், கடைக்கு ரெண்டு. செலக்ட் மேகசின் பழைய இஷ்யூ யாராவது விக்கிறதா இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, பின் அட்டையோட.