மலை மேல் ஒரு ரிப்பீட்டர்: பல வருடம் பராமரித்த அனுபவம்

ரிப்பீட்டர் வைக்க ஆசைப்படும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட், எந்த செட்?" என்றுதான். சேர்வராயன் மலையில் ஒரு காபித் தோட்டத்து மேட்டில் இருக்கும் இரண்டு மீட்டர் அலைநீள பேண்டில் இயங்கும் ரிப்பீட்டரை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். எங்களை மலை ஏற வைத்த கோளாறுகளில் செட்டால் வந்தவை மிகக் குறைவு. தண்ணீர், கரண்ட், இடி, எலி, அப்புறம் டியூப்ளெக்சர் (ஒரே ஆண்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்து வைக்கும் வடிகட்டி), இவைதான் வேலை வைத்தன. அதனால் செட்டைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

கையில் இருக்கும் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஊருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் போனாலே பெரிது. அதே குரல் மலை உச்சிக்கு எட்டிவிட்டால், அங்கே இருக்கும் நிலையம் ஒரு அலைவரிசையில் கேட்டுக்கொண்டே இன்னொரு அலைவரிசையில் அதை உடனுக்குடன் திருப்பி அனுப்பும். சேலம் சமவெளியில் இருந்து பார்த்தால் எங்கள் ஆண்டெனா ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே நிற்கிறது. உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். அந்தக் கணக்கில் 140-ஐத் தாண்டுகிறது. நாமக்கல், ஈரோடு, கரூர் எல்லாம் தெளிவாக வரும். திருச்சியில் மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்திருப்பவர்கள் பேசிவிடுவார்கள். கிழக்கே கல்வராயன் மலை குறுக்கே நிற்பதால் கள்ளக்குறிச்சிப் பக்கம் மோசம்தான். வாட்டைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

நம் நாட்டில் இந்த பேண்டில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. ரிப்பீட்டரின் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வைப்பது வழக்கம். உங்களிடம் கால் சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) இருந்தாலும், ரிப்பீட்டருக்கென்று டபிள்யூபிசி-யிடம் (உரிமம் தரும் மத்திய அரசுப் பிரிவு) அனுமதி வாங்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட முறுக்க வேண்டாம்.

செட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பழைய மோட்டோரோலா ஜிஎம்300 இரண்டு. ஒன்று கேட்கும், ஒன்று அனுப்பும், நடுவில் ஒரு கன்ட்ரோலர். கார்களுக்காகச் செய்த செட் அது. ஒரு நிமிடம் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்து வடிவமைத்தது. காலை நெட் (எல்லாரும் கூடிப் பேசும் நேரம்) நடக்கும்போது ரிப்பீட்டர் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் 45 வாட் தரக்கூடிய செட்டை 25 வாட்டில் நிறுத்தி, ஹீட் சிங்க் மேல் ஒரு 12 வோல்ட் ஃபேன் வைத்தோம். அதற்குப் பிறகு அந்த செட் எங்களை ஒரு நாளும் கைவிடவில்லை. 25 வாட்டுக்கும் 45 வாட்டுக்கும் வித்தியாசம் இரண்டரை டெசிபல்தான், கீழே கேட்பவர் காதுக்கு அது தெரியவே தெரியாது.

இனி டியூப்ளெக்சர். ஒரு ரிப்பீட்டரின் தரம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

ஒரே ஆண்டெனாவில் 25 வாட் வெளியே போகிறது. அதே ஆண்டெனாவில், அதே நொடியில், 0.25 மைக்ரோவோல்ட் அளவுள்ள சிக்னல் உள்ளே வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 163 டெசிபல், அதாவது சுமார் 200 கோடி கோடி மடங்கு. திருவிழா மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தெருக்கோடியில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கச் சொல்வது மாதிரி. அலைவரிசையில் இருக்கும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் உதவி.

பலரும் தவறவிடும் ஒரு விஷயம்: தடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அனுப்பும் கேரியர், அதாவது முக்கிய அலை, ரிசீவருக்குள் புகுந்து அதை அமுக்குவது. இன்னொன்று, டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசைக்குப் பக்கவாட்டில் பரப்பும் மெல்லிய இரைச்சல். அந்த இரைச்சல் நம் ரிசீவர் கேட்கும் அலைவரிசையிலேயே வந்து விழுவதால், எவ்வளவு நல்ல ரிசீவர் வாங்கினாலும் அதைப் பிரிக்க முடியாது. கிளம்பும் இடத்திலேயே தடுத்தாக வேண்டும். அதனால்தான் டியூப்ளெக்சரில் இரண்டு பக்கமும் கேவிட்டிகள், அதாவது ஒரு அலைவரிசையை விட்டு இன்னொன்றைத் தடுக்கும் உலோக உருளைகள். எங்களுடையதில் பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு. இந்த பேண்டில் கால் அலைநீளம் கிட்டத்தட்ட 52 சென்டிமீட்டர் என்பதால் ஒவ்வொரு கேவிட்டியும் அரை மீட்டருக்கு மேல் உயரம். அறைக்குள் வருபவர்கள் எல்லாரும் கேஸ் சிலிண்டரா என்று கேட்பார்கள்.

இத்தனை தடுப்புக்கும் ஒரு விலை உண்டு. அனுப்பும்போது ஒன்றரை டெசிபல் உள்ளேயே போய்விடும், 25 வாட் ஆண்டெனா கேபிளுக்கு வரும்போது 18 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. அதைப் பற்றி வருத்தப்பட வேண்டாம்.

கேவிட்டிகளைச் சரியான அலைவரிசைக்குச் சுருதி சேர்ப்பதற்கு நானோவிஎன்ஏ என்ற சின்ன அளவீட்டுக் கருவி இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அது அளக்கக்கூடிய ஆழம் சுமார் 70 டெசிபல். மூன்று கேவிட்டிகளைச் சேர்த்து இணைத்துவிட்டு 90 டெசிபல் பள்ளத்தை (தடுப்பின் ஆழத்தை) அதில் தேடினால், திரையின் அடியில் இரைச்சல்தான் தெரியும். ஒவ்வொரு கேவிட்டியையும் தனியாகக் கழற்றி, பள்ளம் சரியான அலைவரிசையில் விழுகிறதா என்று பார்த்து, அப்புறம் சேர்க்க வேண்டும். கேவிட்டிகளை இணைக்கும் சின்ன கேபிள்களின் நீளமும் கணக்கில் உண்டு, கையில் கிடைத்ததை மாட்டக் கூடாது. கீழே வீட்டு மேசையில் அழகாகச் சேர்த்த சுருதி, சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஜீப்பில் ஏறி வந்த பிறகு அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. மேலே வைத்த பிறகு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். உள்ளே நடுக்கம்பி இன்வார் உலோகத்தில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட நீளாத உலோகம் அது. சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் நடுவே சுருதி நகராமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

எல்லாம் சரியா என்று பார்க்க எங்கள் சோதனை எளிது. ரிசீவருக்கு மிக மெல்லிய சிக்னல் ஒன்றைக் கொடுத்து, ஸ்பீக்கரில் கரகரப்போடு கேட்கும் அளவில் நிறுத்துவோம். பிறகு டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து ஆஃப் செய்வோம். கரகரப்பு கூடினால் டிசென்ஸ் (ரிசீவரின் காது மந்தமாவது) இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் முதல் வேலை இதுதான். வாட் மீட்டரை எடுப்பதே கடைசியில்.

ஒரு ஆசைக்காகச் சொல்கிறேன்: சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரில் இருந்து ஹாம்களுக்கென்று ஒரு ரிப்பீட்டர் இயங்கிவருகிறது. 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) பேசினால் 437.800-இல் திரும்பி வரும். கேட்பது ஒரு பேண்ட், அனுப்புவது இன்னொரு பேண்ட் என்பதால் இந்த 600 கிலோஹெர்ட்ஸ் தலைவலி அங்கே இல்லை. கீழே பூமியில் ஒரே பேண்டுக்குள் இரண்டையும் அடக்கியாக வேண்டியிருப்பதால்தான் நமக்கு ஆறு சிலிண்டர்.

தண்ணீர் மெதுவாக வேலை செய்யும். ஆண்டெனா பக்கத்து 'N' வகை கனெக்டரில் டேப் சரியாக ஒட்டாமல் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், பனியும் மூடுபனியும் உள்ளே போய் கேபிளின் பின்னல் வழியாகவே இறங்கிவிடும். அறிகுறி எப்படி வரும் என்றால், மழை நாளில் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவில் இருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதன் அளவுகோல்) ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். பிறகு ஒரு நாள் இறங்காது. முதலில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதற்கு மேல் சாதாரண பிவிசி டேப், கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்கூரை மாதிரி தண்ணீர் வழியும். அறைக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும்.

கேபிளை லாஸ் குறைவு என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அலுமினியத் தாள் மேல் செம்புப் பின்னல் போட்ட வகைகள் ஒரு நேரத்தில் பேசவோ கேட்கவோ மட்டும் செய்யும் செட்டுக்கு அருமையாக இருக்கும். ரிப்பீட்டரில், காற்றில் ஆடி ஆடி இரண்டு உலோகமும் உரசும் இடத்தில் இரைச்சல் பிறந்து ரிசீவருக்குள் வரும். குழாய் போன்ற நெளி செம்புக் கேபிள், முடியாவிட்டால் வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கேபிள். டவரில் துருப்பிடித்த நட்டும் போல்ட்டும் இதே வேலையைச் செய்யும். காற்று அடிக்கும்போது மட்டும் வரும் கரகரப்புக்கு நாங்கள் கடைசியில் கண்ட காரணம் ஒரு பழைய இரும்புக் கிளாம்ப்.

கரண்ட் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டு பேட்டரி வாங்குங்கள். எங்கள் ரிப்பீட்டர் சும்மா காத்திருக்க 0.7 ஆம்பியர், நாளைக்கு 17 ஆம்பியர்-மணி. அனுப்பும்போது 6 ஆம்பியர், நாளைக்கு மூன்று மணி நேரம் பேச்சு என்றால் 18. ஆக 35. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் இரண்டு நாள் தாங்கும். கார்த்திகை மாதத்தில் மலை மேல் பல நாள் சூரியனே தெரியாது, அந்தச் சமயத்தில் 200 வாட் சோலார் தகடு பேருக்குத்தான். இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறியிருக்கிறோம். 100 ஆம்பியர்-மணியில் 80 வரை தைரியமாக எடுக்கலாம், பெரிய சௌகரியம் எடை. 50 கிலோவுக்கு மேல் இருந்த பேட்டரியை நான்கு பேர் தூக்கிய இடத்தில் ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்.

சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் ஒரு எச்சரிக்கை. எம்பிபிடி வகைகளில் சில, வெயில் ஏறும் நேரத்தில் இந்த பேண்டில் இரைச்சல் போடும். காலையில் தெளிவாக வந்த ஹேண்டி 11 மணிக்கு வரவில்லை என்றால் முதலில் சோலார் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரும்புப் பெட்டியும் ஃபெரைட் வளையங்களும் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

இரண்டு நாள் தாங்கினால் போதுமா என்ற கேள்விக்கு 2018 நவம்பரில் கஜா புயலின்போது பதில் கிடைத்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனது, செல்போனும் பல இடங்களில் அடங்கிப்போனது. அவ்வளவு தூரம் எங்கள் ரிப்பீட்டர் எட்டாது. ஆனாலும் நம் பக்கம் அப்படி ஒன்று வந்தால் மூன்றாவது நாளும் பேச வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம். கரண்ட் போனதும் கன்ட்ரோலர் தன் பீப் ஒலியை மாற்றிக்கொள்ளும். அதைக் கேட்டதும் எல்லாரும் பேச்சைச் சுருக்குவார்கள்.

இடிக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது. கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கேஸ் டிஸ்சார்ஜ் அரெஸ்டர் (மின்னல் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்புவது), அதோடு டவர், அறை, ஈபி மூன்றின் எர்த்தும் ஒரே இடத்தில் இணைந்திருப்பது, இவை இரண்டும் இருந்தால் பக்கத்தில் விழும் இடியைத் தாங்கலாம். சித்திரை, வைகாசிக் கோடை மழையில்தான் எங்களுக்குச் சேதம் அதிகம், ஐப்பசியில் அவ்வளவு இல்லை. நேரடியாக விழுந்தால் போனதுதான், அதற்கு ஒரு உபரி செட் கீழே தயாராக இருக்க வேண்டும். எலிக்கு எஃகுக் கம்பிநார், குரங்குக்குக் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுவது. இரண்டும் மலிவு, இரண்டும் அவசியம்.

ரிப்பீட்டரை ஓட்டுவது தனிக் கலை. மூன்று நிமிட டைம்-அவுட் (அதற்கு மேல் விடாமல் பேசினால் துண்டித்துவிடும்) வைத்திருப்பதற்குச் சிலர் கோபித்துக்கொள்வார்கள். காரில் சீட்டுக்கு அடியில் பிடிடி (பேச அமுக்கும் பொத்தான்) அழுந்திக் கிடக்கும் மைக் ஒன்று ரிப்பீட்டரையே முடக்கிவிடும் என்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள் கோபிப்பதில்லை. பேசாமல் பிடிடி-யை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பழக்கம் வேண்டாம், கால் சைனைச் சொல்லிவிட்டுத் தட்டுங்கள், யாராவது பதில் சொல்வார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே அமுக்கக் கூடாது. பீப் வரும் வரை பொறுக்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு நொடியில்தான், அரை வாட் ஹேண்டியோடு எங்கோ மாட்டிக்கொண்ட ஒருவர் "பிரேக்" என்று சொல்ல முடியும். எங்கள் காலை நெட்டில் மூத்த ஓஎம்கள் (ஹாம் நண்பர்கள்) இதைப் புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரிப்பீட்டர் வைத்ததில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அந்த நேரம்தான்.

டிஜிட்டலுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் முறை நல்ல தொழில்நுட்பம், ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு போகும். ஆனால் எங்கள் எல்லைக்குள் இருக்கும் பலரிடம் இருப்பது சாதாரண எஃப்எம் ஹேண்டி. அவசரத்தில் யார் கையில் எது இருக்கிறதோ அதுதான் வேலை செய்ய வேண்டும். அதனால் மலை மேல் அனலாக் தொடரும். 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் இரண்டாவதாக ஒன்று வைக்கும் யோசனை இருக்கிறது. அங்கே கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான், கேவிட்டிகள் கைக்கு அடக்கம். ஆனால் காபித் தோட்டத்து நிழல் மரங்கள் அந்த அலைகளை அதிகமாக விழுங்கும், எனவே டவரை இன்னும் உயர்த்த வேண்டும்.

இன்று புதிதாகத் தொடங்கினால் பணத்தை எப்படிப் பிரிப்பேன்? பாதி டியூப்ளெக்சருக்கும் கேபிளுக்கும் ஆண்டெனாவுக்கும். கால் பங்கு பேட்டரி, சோலார், எர்த்துக்கு. மிச்சத்தில் பழைய செட் இரண்டு, ஒரு உபரி. அதோடு, மலையிலேயே குடியிருக்கும் ஒருவரின் நட்பும் வேண்டும். தோட்டத்துக் காவலர் ஒருவர் டார்ச்சோடு போய் ஒரு ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "சார், பச்சை லைட் எரியுது" என்று போனில் சொன்னால் ஒரு முழு நாள் பயணம் மிச்சம்.