கூலன்ட் என்று பில் போட்டு, பச்சைத் தண்ணீரை ஊற்றி அனுப்புகிறார்கள்

பில்லில் இருந்தவை: ரேடியேட்டர் ஃபிளஷ் (உள்ளே கழுவிச் சுத்தம் செய்வது) 600 ரூபாய், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இரண்டு லிட்டர் 900, புதிய தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்ப மூடித் திறக்கும் வால்வு) 780, புதிய ரேடியேட்டர் மூடி 320, கூலி 900. வரியோடு 4,130 ரூபாய்.

வண்டிக்குள் இருந்தவை: பச்சைச் சாயம் கலந்த ஆழ்குழாய்த் தண்ணீர், ரப்பர் வெடித்த பழைய மூடி, தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாத வெற்றுக் கூடு.

கோவையில், பல நிறுவனக் கார்களையும் பார்க்கும் ஒரு பெரிய வொர்க்ஷாப் செய்த வேலை இது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய காத்திருப்பு அறை, காபி இயந்திரம் எல்லாம் உண்டு. வேலை நடக்கும் இடத்துக்குள் மட்டும் வாடிக்கையாளரை விடமாட்டார்கள். ‘பாதுகாப்பு விதி சார்’ என்பார்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்பது எனக்குப் பிற்பாடு விளங்கியது.

எங்கள் வண்டி 2009ஆம் ஆண்டு வாங்கிய வேகன் ஆர். 1,30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அப்பா ஓட்டி, இப்போது நான் ஓட்டுகிறேன். வெயில் காலம் வருவதற்குள் கூலன்ட்டை முழுதாக மாற்றிவிடலாம் என்றுதான் விட்டேன்; வேறு கோளாறு எதுவும் அன்று இல்லை. மாலையில் எடுக்கப் போனபோது சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து, ரிசர்வ் டேங்கில் பளபளவென்று நிற்கும் பச்சையைக் காட்டி, “இனி இரண்டு வருடம் இந்தப் பக்கமே பார்க்க வேண்டாம் சார்” என்றார்.

அடுத்த நாள் காலையிலேயே இரண்டு விஷயங்கள் உறுத்தின. பத்து நிமிடம் ஓட்டிய பிறகும் வெப்பநிலை முள் வழக்கமான இடத்துக்கு ஏறாமல் அடியிலேயே கிடந்தது. சாவியைத் திருப்பிய கணமே ரேடியேட்டர் ஃபேன் சுழலத் தொடங்கியது. போனில் கேட்டேன். “இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கிறதென்றால் நல்லதுதானே சார்?” என்று பதில் வந்தது.

நல்லதல்ல. இன்ஜின் ஒரு குறிப்பிட்ட சூட்டில் ஓடத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கார்களில் கூலன்ட் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்வரை தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். அதன் பிறகுதான் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டால் இன்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும். இன்னும் குளிராகவே இருப்பதாக எண்ணிக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் செலுத்தும், தேய்மானமும் கூடும். ‘நம் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு?’ என்று கேட்கும் மெக்கானிக்குகள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கழற்றிவிட்டு அதைச் சொல்கிறவர்களையாவது ஒரு கணக்கில் மன்னிக்கலாம். இவர்கள் கழற்றிவிட்டு, புதிதாகப் போட்டதாகப் பணமும் வாங்கியிருக்கிறார்கள்.

‘ஒருமுறை கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம்’ என்று நாள் குறிப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே இழுத்தார்கள். அதற்குள் குடும்பத்தோடு வால்பாறை போகும் நாள் வந்துவிட்டது. ஆழியாறிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும், அதுவரை அடியில் கிடந்த முள் சரசரவென்று மேலேறியது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் பானெட் இடுக்கில் வெள்ளை ஆவி. பின்னால் வந்த வேன் ஓட்டுநர் உதவுகிறேன் என்று ஈரத்துணியோடு ஓடிவந்து மூடியைத் திருகப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் அடுப்பில் சீறும் குக்கரைத் திறப்பதும் ஒன்றுதான், முகம் வெந்துவிடும். அம்மாவையும் குழந்தைகளையும் அந்த வேனிலேயே பொள்ளாச்சிக்கு அனுப்பிவிட்டு, கார் தூக்கும் வண்டிக்காகக் காத்திருந்தேன்.

பொள்ளாச்சியில் ஒரு சிறிய பட்டறை. நடத்துபவர் அறுபதைக் கடந்தவர். காபி இயந்திரம் எதுவும் அங்கே இல்லை. ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, “உட்கார்ந்து பாருங்கள் தம்பி” என்றார். எஞ்சியிருந்ததை ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசினில் வடித்தார். மேலே இளம்பச்சை, அடியில் துரு வண்டல். விரலில் தொட்டுத் தேய்த்துக் காட்டினார். கூலன்ட்டுக்கு உள்ள வழவழப்பு துளியும் இல்லை. பிறகு கூலன்ட் சோதிக்கும் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சினார். முள் அசையவே இல்லை. குழாய்த் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தபோதும் முள் அதே இடத்தில்தான் நின்றது. கடைசியாக ஒரு தகர மூடியில் கொஞ்சம் ஊற்றி, அடியில் புளோ லாம்ப்பைக் காட்டினார். வற்றியதும் தகரத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்தது.

கோவைக்குக் குடிநீராக வரும், உப்பு குறைந்த சிறுவாணித் தண்ணீரை ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு உப்பு நின்றிருக்காது. கோவையில் வாகனம் கழுவுவதற்கென்று போட்ட ஆழ்குழாயின் தண்ணீர் இது.

“சாவியைத் திருப்பியதுமே சுழலும்படி ஃபேனை ஏன் அண்ணே நேரடியாக இணைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கிறது. ஃபிளஷ் செய்யவே இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஃபேனை எந்நேரமும் சுழலவிட்டால் ஊருக்குள் முள் ஏறாது. நீங்களும் கேள்வி கேட்க மாட்டீர்கள். மலை ஏறினால்தானே தெரியும்” என்றார்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலரும் அதை வெறும் மூடி என்றுதான் நினைக்கிறார்கள். நல்ல மூடி உள்ளே சுமார் 0.9 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிறுத்தும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரேகூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகால் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 125 டிகிரியையும் தாண்டித்தான் கொதிக்கும். என் வண்டியின் மூடியில் ரப்பர் வெடித்திருந்ததால் அழுத்தம் நிற்கவே வழியில்லை. தண்ணீர் 100 டிகிரியிலேயே, மலைமேல் அதற்கும் கீழேயே, கொதித்து வெளியேறிவிட்டது.

கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் உண்டு. மேல்பகுதியான அலுமினிய ஹெட்டும் அடிப்பகுதியான இரும்பு பிளாக்கும் ஒரே நீரில் நனையும் இன்ஜினுக்கு அவை எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் பேசின் வண்டலே காட்டியது.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஹெட்டும் வளைந்திருந்ததால் லேத்துக்கு அனுப்பி மட்டம் செய்ய வேண்டியதாயிற்று. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, 19,000 ரூபாய்க்கு மேல் ஆனது. கழற்றிய ஒவ்வொன்றையும் பெரியவர் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார். தகர மூடியில் படிந்த உப்பைப் படம் எடுக்கச் சொன்னதும் அவர்தான்.

கோவை வொர்க்ஷாப்பில் போய்ப் பையை மேசைமேல் வைத்தேன். “பழைய வண்டி சார், இதெல்லாம் வரத்தான் செய்யும்” என்றார் மேலாளர். புதிய தெர்மோஸ்டாட் வாங்கியதற்கான ரசீதைக் கேட்டேன், இல்லை. காலி கூலன்ட் கேன் எங்கே என்றேன், குப்பைக்குப் போய்விட்டதாம். எழுத்தில் கேட்டபோது, தெர்மோஸ்டாட் தொகையை மட்டும் ‘நல்லெண்ண அடிப்படையில்’ திருப்பித் தருவதாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். தவறே செய்யாதவருக்கு எதற்கு இந்த நல்லெண்ணம்? அந்த மின்னஞ்சலையும் புகாரோடு இணைத்துவிட்டேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அங்கே தீராததால் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

கூலன்ட் மாற்றப் போகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாமே நிறுவனங்கள் சேர்க்கும் சாயம். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கையேட்டில் சொல்லியிருக்கும் வகையை, ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தரநிலை எண் அச்சிட்ட கேனாக, நீங்களே கடையில் வாங்கிக்கொண்டு போங்கள். செறிவா, கலந்து விற்பதா என்று லேபிளைப் பாருங்கள். ஏற்கெனவே கலந்ததில் மேலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. செறிவாக இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் கையோடு கொண்டுபோங்கள். சீல் உங்கள் கண்முன் உடையட்டும். உள்ளே விடமாட்டோம் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய பாகங்கள் உங்களுடையவை, கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்: முள் மெல்ல ஏறி நடுவாக்கில் நிற்க வேண்டும், ஏசி போடாத நிலையில் ஃபேன் சூடேறிய பிறகுதான் சுழல வேண்டும். வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்ற விடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், அது விஷம்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். வொர்க்ஷாப் வாசலில் புதிய பேனர் தொங்குகிறது: ‘கோடைக்காலச் சிறப்பு முகாம், 999 ரூபாய், கூலன்ட் இலவசம்.’