ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு லென்ஸ்: வன்னியிலிருந்து ஒரு ரேஞ்ச்பைண்டர் கணக்கு

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் போன வருடம் ஊருக்கு வந்தபோது ஒரு கறுப்புக் கமராவைக் கையில் தந்தார். லைக்கா எம் டைப் 240. 2013இல் சந்தைக்கு வந்தது. 24 மெகாபிக்சல், பழைய பிலிம் அளவுக்கே முழுச் சென்சர். "தம்பி, இனி இது உனக்குத்தான். லென்ஸை மட்டும் வித்துப்போட்டன்" என்றார். யானை கிடைத்தது, அங்குசம் வாங்கக் காசில்லை என்ற கதை. வாயில் மூடி போட்ட கமராவை மூன்று மாதம் அலுமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைக்காவின் சொந்த 35 மி.மீ. குவியத் தூரமுள்ள சம்மிக்ரோன் லென்ஸைப் புதிதாக வாங்கினால் 3,000 டொலரைத் தாண்டும். என் எல்லை 500 டொலர். டொலர் 300 ரூபாவை ஒட்டி நிற்கையில் அதுவே ஒன்றரை லட்சம். அதற்கு மேலே போனால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. நல்ல வேளையாக, 1954இல் எம்3 கமராவோடு வந்த, லென்ஸ் மாட்டும் அதே வாய்தான் இன்றைய எம் கமராக்களிலும் இருக்கிறது. அதற்கு முந்திய 39 மி.மீ. திருகு லென்ஸ்களும் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையம் ஒன்றைப் போட்டால் பொருந்தும். ஆகவே தெரிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வேறிடத்தில்.

எம் கமரா ஒரு ரேஞ்ச்பைண்டர்; அதில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, வ்யூபைண்டர் என்ற தனிச் சாளரத்தால் பார்க்கிறோம். வ்யூபைண்டரின் நடுவில் ஒரு சிறு கட்டத்தில் இரட்டை உருவம் தெரியும். அவை ஒன்றாகும் வரை லென்ஸைத் திருப்புகிறோம். கமராவின் வாய்க்குள் இருக்கும் ஒரு சின்ன உருளை, லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டு அதன் அசைவைக் கணக்கெடுக்கிறது. அந்த விளிம்பு கடைந்ததில் ஒரு மயிரிழை பிசகு இருந்தாலும் கட்டத்துக்குள் உருவம் சரியாகச் சேரும், படம் மங்கும். கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும் இந்தப் பிசகுதான் மலிவு லென்ஸ்களின் உண்மையான விலை. மூலையில் கூர்மை எவ்வளவு, பின்புலம் எப்படிக் குழைகிறது என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். வன்னியில் இதைச் சரிபார்த்துத் தரும் ஆள் எனக்குத் தெரிந்து இல்லை.

எவ்வளவு பிசகு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீற்றர் தூரத்தில் ஒருவரைப் படம் பிடிக்கிறோம் என்று வைப்போம். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.1இல் (எஃப் எண் சிறிதானால் திறப்புப் பெரிது) திறந்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 2.6 செ.மீ.; ஒன்றரை விரல் அகலம். எஃப்/2இல் 4.5 செ.மீ. அதே தூரத்தில் 35 மி.மீ. லென்ஸ் எஃப்/2இல் 10 செ.மீ. தரும். எஃப்/2.5இல் 12 செ.மீ., அதாவது அரைச் சாண். இந்தக் கணக்கைப் போட்டதுமே பெரிய திறப்பு லென்ஸ்கள் மீதான ஆசை பாதி வடிந்துவிட்டது. செவன் ஆர்ட்டிசன்ஸ் 50 எஃப்/1.1 மலிவாகக் கிடைக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். ஒன்றரை விரலுக்குள் கண்ணைப் பிடிக்க எனக்குக் கை போதாது. அதை அங்கேயே விட்டேன்.

மிச்சப் பாதி ஆசையை வெயில் வடித்தது. 240இன் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 200. உச்சி வெயிலில் எஃப்/16க்கு ஷட்டர் 1/200 நொடி என்பது பழைய விதி. அதன்படி எஃப்/1.4இல் ஏறத்தாழ 1/25,000 வேண்டும், எஃப்/2இல் 1/12,800. கமராவின் எல்லையோ 1/4000. இரணைமடுக் குளக்கட்டில் பகல் பன்னிரண்டு மணிக்கு நின்றால், கறுப்புக் கண்ணாடி பில்ட்டர் போடாமல் எஃப்/4க்கு மேல் திறக்கவே முடியாது. எஃப்/1.4க்குக் கொடுக்கும் காசு பகல் முழுக்க உறங்கும்.

சரி, 35 மி.மீ.க்கு வருவோம். நேருக்கு நேர் வைத்துப் பார்த்தவை இரண்டு: ஃபோக்ட்லெண்டர் கலர்-ஸ்கோபார் எஃப்/2.5, செவன் ஆர்ட்டிசன்ஸ் எஃப்/2. முதலாவது பாவித்தது, இரண்டாம் கை. ஃபோக்ட்லெண்டர் என்பது 1756இல் வியன்னாவில் தொடங்கிய பெயர். இப்போது அந்தப் பெயரில் செய்வது ஜப்பானின் கொசினா, 1999இலிருந்து. மற்றது சீனாவின் ஷென்சென் நகரத்துத் தயாரிப்பு. கிளிநொச்சியில் ஸ்டூடியோ நடத்தும் நண்பரிடம் இரண்டு கிழமைக்கு இரவல் வாங்கினேன். விலையில் சீனம் மலிவு, அதுவும் புத்தம் புதிது.

சோதனை எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டில். பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றை நாற்பத்தைந்து பாகை சாய்த்து வைத்து, 15 செ.மீ. கோட்டுக்கு நேரே ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, ஒரு மீற்றர் தள்ளி முக்காலியில் கமரா. தீப்பெட்டியின் எழுத்தில் ரேஞ்ச்பைண்டரைச் சேர்த்துவிட்டு, லென்ஸ் காண்பதை அப்படியே பின்திரையில் காட்டும் லைவ் வ்யூவைப் பத்து மடங்கு பெருப்பித்துப் பார்ப்பது. இது 240 வைத்திருப்பவருக்குக் கிடைத்த வரம். லைவ் வ்யூ இல்லாத முந்திய எம்9 பாவிப்பவர் ஒவ்வொரு முறையும் படம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

ஸ்கோபார் முதல் தடவையிலேயே தீப்பெட்டியில் உட்கார்ந்தது. ஐந்து தடவை மாற்றி மாற்றிச் சேர்த்தேன், ஐந்தும் சரி. செவன் ஆர்ட்டிசன்ஸ் தீப்பெட்டிக்கு முன்னால் நான்கு சென்றிமீற்றர். அடிமட்டத்தின் கோடுகள் கூராகத் தெரிய, தீப்பெட்டியின் எழுத்து ஈரத்தில் ஊறியதுபோல் நின்றது. ஆனால் இந்தச் சீன லென்ஸில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: பின்பக்கத்துத் திருகாணியைத் தளர்த்தி, அந்தத் தொடும் விளிம்பை நாமே சற்று நகர்த்தலாம். மணிக்கூட்டுக்காரர் பாவிக்கும் சின்னத் திருப்புளியோடு கிணற்றடியில் இருந்தேன். முதல் திருப்பில் பிசகு பின்பக்கம் போனது. இரண்டாவதில் கிட்டத்தில் சரி, தூரத்துத் தென்னை மங்கல். மூன்றாவதில் இரண்டும் ஒத்துவந்தன. அதற்குள் பொழுது பட்டுவிட்டது.

ஆகக் கைவேலை தெரிந்தவருக்குச் சீனம் தோதான பொருள். கெட்டால் தானே திருத்தலாம், கொழும்புக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. ஆனால் படத்தின் மூலைகள் திறந்த நிலையில் இருண்டு மென்மையாகின்றன. எஃப்/5.6 வரை மூடினால்தான் பனங்கூடலின் ஓரத்து மரங்கள் பனையாகத் தெரிகின்றன. ஸ்கோபாரில் அந்தத் தொல்லை குறைவு. எடை 134 கிராம்தான். விரல் வைக்க ஒரு கொம்பு இருப்பதால், கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே தூரத்தை மட்டுக்கட்டிவிடலாம். எஃப்/2க்கும் எஃப்/2.5க்கும் இடையில் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டொப்தான் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வித்தியாசம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் இரவில், பந்தல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200 வைத்து ஸ்கோபாரால் பிடித்த படங்களில் எனக்குக் குறை தெரியவில்லை. ஒப்பீடு இதோடு முடிந்தது. வாங்கியது ஸ்கோபாரைத்தான்.

ஃபோக்ட்லெண்டரின் 35 நொக்டோன் எஃப்/1.4உம் என் எல்லையைத் தொட்டு நின்றது. அது அழகான சாமான். ஆனால் எஃப்/1.4இல் சரியாகச் சேர்த்த குவியம் எஃப்/2.8க்கு மூடும்போது பின்னால் நகர்ந்துவிடும் பழக்கம் அதற்கு உண்டு. நேர்கோட்டுக் கட்டடங்களின் வயிறும் கொஞ்சம் புடைக்கும். ஜெர்மன் நிறுவனமான ஸைஸின் சி-பையோகன் 35 எஃப்/2.8 கோட்டை வளைக்காது, என் காசைத்தான் வளைக்கும்.

இனி 50 மி.மீ. இங்கே கதை வேறு, ஏனென்றால் போட்டி இரண்டு கிழவர்களுக்கு இடையில்: சோவியத் ஜூப்பிட்டர்-8 எஃப்/2, ஜப்பானியக் கனன் எஃப்/1.8. இரண்டும் திருகு வாய். வளையம் வாங்கும்போது 50/75 என்று குறித்ததை வாங்குங்கள். பிழையான வளையம் போட்டால் வ்யூபைண்டரில் 35க்கோ 28க்கோ உரிய, படத்தின் எல்லை காட்டும் சட்டம் தெரிந்து, தலையை வெட்டிவிடுவீர்கள்.

ஜூப்பிட்டர் என்பது ஸைஸ் நிறுவனத்தில் லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த சொனார் லென்ஸின் வாரிசு. ஆறு கண்ணாடி, மூன்று தொகுதி. 100 டொலருக்குள் கிடைக்கும் எம் லென்ஸ் என்றால் முதலில் வாயில் வரும் பெயர் இதுதான். அதை மாட்டிக்கொண்டு அப்பம்மாவை முற்றத்து வேப்பமர நிழலில் இருத்தி, முக்கால்பக்கமாகத் திரும்பச் சொல்லி, கண்ணில் சேர்த்து எடுத்தேன். படத்தில் கண் மங்கல். காதுத் தோட்டின் கல் ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் இருந்தது. அப்பம்மாவுக்கு அது மெத்தப் பிடித்துக்கொண்டது: "தோடு நல்லா விழுந்திருக்கு மோனை, இது ஒண்டு பெரிசாக் கழுவித் தா."

காரணம் லென்ஸின் குற்றமல்ல, அது பிறந்த இடத்தின் அளவுகோல். லைக்கா 50 என்று சொல்லும் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 51.6 மி.மீ.; உருளையின் கணக்கு அதற்கே அமைந்தது. சோவியத் ஆலைகள் ஸைஸின் கொன்டாக்ஸ் கமராவுக்குரிய சற்றே நீண்ட அளவைத் தொடர்ந்தன. எட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு மீற்றரில் குவியம் ஏறத்தாழ மூன்று சென்றிமீற்றர் பின்னால் விழும். எஃப்/2இன் ஆழமே 4.5 செ.மீ. என்பதால் அது தாங்காது. எஃப்/4க்கு மூடினால் தாங்கும். அல்லது, சேர்த்த பிறகு உடம்பை இரண்டு விரல் பின்னால் சாய்த்துவிட்டு அழுத்த வேண்டும். நம்பமாட்டீர்கள், பழகிவிட்டது.

கனனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. லைக்காவின் அளவுக்கே செய்தது, குவியம் பிசகாது. பித்தளையும் குரோமும் சேர்ந்த கட்டு ஜூப்பிட்டரின் இலேசான அலுமினியத்தைவிட உறுதி. கூர்மையிலும் கனன் ஒரு படி மேலே. காகிதத்தில் வெற்றி கனனுக்கு. ஆனால் திறப்பைச் சுருக்கி விரிக்கும் அதன் அப்பர்ச்சர் தகடுகளுக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில் புகைபோல் ஒரு படலம் பிடிப்பது ஊரறிந்த நோய். நாட்பட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், துடைத்தாலும் போகாது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் விற்ற ஒருவர் "கண்ணாடி சுத்தம்" என்று எழுதியதை நம்பி, லண்டனில் இருக்கும் மச்சானின் விலாசத்துக்கு வாங்கி அனுப்பினேன். மச்சான் கைத்தொலைபேசி ரோச்சை அடித்துப் பார்த்துவிட்டு எடுத்து அனுப்பிய படத்தில் மார்கழிப் பனி மூடிய வயல் மாதிரி இருந்தது. காசு திரும்ப வந்தது, தபால் செலவு வரவில்லை. நேரில் ரோச் அடித்துப் பார்க்காமல் கனனை வாங்காதீர்கள். பார்த்துச் சுத்தமாக இருந்தால் ஜூப்பிட்டரை மறந்துவிட்டு அதையே எடுங்கள்.

மினோல்டா எம்-ரொக்கோர் 40 எஃப்/2 இந்த இரண்டு குவியத் தூரத்துக்கும் நடுவில் நிற்கும் நல்ல லென்ஸ். எம் கமராவில் அது 50க்குரிய சட்டத்தைத்தான் எழுப்பும். சிலர் அதன் வாய்விளிம்பை அரத்தால் உராய்ந்து 35 சட்டத்தை வரவைக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை.

எம்8 வைத்திருப்பவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும். 2006இல் வந்த அந்தக் கமராவின் சென்சர் சிறியது. 35 அங்கே 47போல் நடக்கும், ஆகவே 50ஐத் தேட வேண்டியதில்லை. கீழ்ச்சிவப்பு ஒளியை அது ஒழுங்காகத் தடுப்பதில்லை. மாப்பிள்ளையின் கறுப்புக் கோட் கத்தரிப்பூ நிறத்தில் வரும். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதைத் தடுக்கும் பில்ட்டர் வேண்டும், அதன் விலையையும் லென்ஸ் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்கோபாரின் 39 மி.மீ. லைக்காவின் பல லென்ஸ்களுக்கும் பொதுவான அளவு, எளிதில் கிடைக்கும்.

ஊருக்கே உரிய இரண்டு விஷயம். ஒன்று கிரவல் றோட்டுத் தூசி. பஸ் ஒன்று போனபின் லென்ஸ் மாற்றினால் சென்சரில் செம்புள்ளி நிச்சயம், அதனால் வெளியில் நான் மாற்றுவதே இல்லை. மற்றது ஐப்பசியில் மழை தொடங்கினால் பூஞ்சணம். பழைய லென்ஸ்களில் ஏற்கெனவே வித்து இருக்கும், ஈரம் கிடைத்தால் போதும், வேர் விடும். காற்றுப் புகாத பிஸ்கட் ரின்னில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன், கிழவரையும் இளையவரையும் வேறு வேறு ரின்னில்.

இப்போது கமராவில் நிற்பது ஸ்கோபார். அப்பம்மா கூப்பிடும்போது மட்டும் ஜூப்பிட்டர் வெளியே வரும். பெரியம்மாவின் மகன் அடுத்த முறை வரும்போது 40.5 மி.மீ. மூடி ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஜூப்பிட்டரின் மூடி இரணைமடு வாய்க்காலில் போய்விட்டது.