கொப்பி, செயலி, மீண்டும் கொப்பி: லண்டனில் ஒரு சைல்ட்மைண்டரின் பன்னிரண்டு ஆண்டு நாட்குறிப்பு அனுபவம்

2013ஆம் ஆண்டிலிருந்து வடமேற்கு லண்டனில் என் வீட்டிலேயே பிறர் பிள்ளைகளைப் பராமரித்து வருகிறேன். இங்கே இந்தத் தொழில் செய்பவரை சைல்ட்மைண்டர் என்பார்கள். பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் மேற்பார்வை செய்யும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டிலோ அதற்கென உள்ள முகவர் நிலையம் ஒன்றிலோ பதிவு செய்துகொண்டு, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரே நேரத்தில் அதிகபட்சம் ஆறு பேர் வரை பார்க்கலாம். அவர்களில் பள்ளி வயதை எட்டாதவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு வயது நிரம்பாத குழந்தை பொதுவாக ஒன்றுதான். காலை ஏழரை மணிக்கு என் வாசலில் ஒப்படைக்கப்படும் குழந்தை பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திரும்பிப் போகிறது. இடைப்பட்ட பத்தரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்காகச் சொல்வதுதான் நாட்குறிப்பு. இந்த ஆண்டுகளில் நான் மூன்று வகை நாட்குறிப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் சிலர் எது நல்லது என்று கேட்டதால் என் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கிலாந்தில் நாட்குறிப்பு எழுதுவது சட்டப்படி கட்டாயமில்லை. பிறப்பிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கற்றலுக்கும் அரசு வகுத்த ஈவைஎஃப்எஸ் என்ற கட்டமைப்பு 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்று தனி ஆவணமாகவே அது இருக்கிறது. பிள்ளைக்கு அடிபட்டாலோ முதலுதவி செய்தாலோ அதை எழுதி வைக்க வேண்டும், அன்றைக்கே, அல்லது இயன்ற அளவு விரைவாக, பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். மருந்து கொடுப்பதானால் அந்தந்த மருந்துக்கு எழுத்தில் அனுமதி பெற்று, கொடுத்த ஒவ்வொரு முறையும் பதிய வேண்டும். இரண்டு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் வளர்ச்சி பற்றிய ஒரு சுருக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இவை போன்றவைதான் கட்டாயம். “இன்று என்ன சாப்பிட்டான்” என்ற பக்கத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்த மேற்பார்வையாளரும் கொப்பிகளை ஒருமுறை புரட்டிவிட்டு வைத்துவிட்டார். மீதி நேரம் முழுவதும் நான் பிள்ளைகளோடு எப்படிக் கதைக்கிறேன் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். ஆகவே யாருக்குப் பயந்தும் இதை எழுத வேண்டியதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தொடக்கத்தில் அச்சிட்ட படிவங்களை வாங்கினேன். சாப்பாடு முழுவதும், பாதி, இல்லை என்று மூன்று கட்டங்கள். நித்திரைக்கு ஒரு கோடு. மனநிலைக்கு ஒரு சிரிக்கும் முகமும் ஒரு அழும் முகமும். எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். ஒரு வருடம் சென்றபின் ஒரு தாய் மிகவும் மரியாதையாக, “ஒவ்வொரு நாளும் ஒரே தாளைத்தான் தருகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது” என்றார். அவர் சொன்னது நியாயம். பாதி என்று குறி போட்டால் எதில் பாதி, ஏன் பாதி என்பது தெரிவதில்லை. அந்தக் கிழமையே படிவங்களை நிறுத்திவிட்டு, தடித்த அட்டை போட்ட சிறிய கொப்பி ஒன்றைப் பிள்ளைக்கொன்றாக வாங்கினேன். கொப்பி பிள்ளையின் பையிலேயே போய் வரும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்: மேலே கால்பகுதி வீட்டாருக்கு, கீழே முக்கால் பகுதி எனக்கு.

பதினான்கு மாதக் குழந்தை ஒன்றுக்கு நான் எழுதிய பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “9.15 ஓட்ஸ் கஞ்சி, பாதி வாழைப்பழம். 10.30 பூங்கா. 12.10 கோழி, உருளைக்கிழங்கு, பட்டாணி. பட்டாணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டு, விழும் இடத்தை எட்டிப் பார்த்தாள். 12.50 முதல் 2.20 வரை நித்திரை. 3.00 பால் 150 மி.லி. நாப்பி 8.30, 11.45, 2.30 (இளக்கமாகப் போயிருந்தாள், ஒரு முறை மட்டும்), 4.50.” இதில் பெற்றோர் உண்மையில் தேடுவது மூன்றைத்தான் என்று பல ஆண்டுகள் பார்த்துத் தெரிந்துகொண்டேன்: நித்திரை விட்டு எழும்பிய நேரம், கடைசியாகப் பால் குடித்த நேரம், வயிறு சரியாக இருந்ததா என்பது. அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதை இந்த மூன்றும் தீர்மானிக்கின்றன. நித்திரை 2.20க்கு முடிந்ததா 3.20க்கு முடிந்ததா என்பதில் நான் ஒருமுறை பிழைவிட்டு எழுதியதற்கு, அந்தத் தந்தை ஏழு மணிக்கே தொட்டிலில் போட்டுவிட்டு ஒன்பது மணி வரை தாலாட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நேரங்களை நினைவிலிருந்து எழுதுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு துண்டுத் தாளும் நூலில் கட்டிய பேனையும் தொங்குகின்றன. நடக்கும்போதே குறித்துவிட்டு, பிள்ளைகள் மதிய நித்திரையில் இருக்கும்போது கொப்பியில் எழுதுகிறேன்.

பட்டாணி பற்றிய அந்த ஒரு வரி நேரக் குறிப்புகளுக்குச் சமமான பெறுமதி உடையது. தாய் அதை வாசித்துவிட்டு இரவு குளிப்பாட்டும்போது பிளாஸ்டிக் மூடிகளை விழவிட்டுக் காட்டி விளையாடியதாக மறுநாள் எழுதியிருந்தார். “இன்று மகிழ்ச்சியாக விளையாடினாள்” என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது.

2018இல் செயலிக்கு மாறினேன். அந்தச் செயலியின் பெயரைச் சொல்லவில்லை, ஏனெனில் என் குறைகளில் பாதி அந்த நிறுவனத்தின் குறையல்ல, என் குறையே. அந்த ஆண்டு மே மாதம் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், பிள்ளைகளின் விவரங்களை இலத்திரனியல் முறையில் வைத்திருப்பவள் என்ற வகையில் தகவல் ஆணையர் அலுவலகத்தில் ஆண்டுக்கு 40 பவுண் கட்டிப் பதிந்துகொண்டேன். முதல் மாதங்களில் பெற்றோருக்கு மிகுந்த சந்தோஷம். வேலையிடத்தில் மதிய உணவு நேரத்தில் தங்கள் பிள்ளையின் படத்தைப் பார்க்க முடிகிறது என்பது சிறிய விஷயமல்ல. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் கிழமையில் இருக்கும் ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் நான் தர முடியாது. 2020 மார்ச்சில் நாடு முடக்கப்பட்டபோது, மருத்துவமனை ஊழியர்கள் போன்ற அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று கதைக்க முடியாது, கொப்பியும் பொருட்களும் வீட்டுக்கு வீடு போய் வரவும் கூடாது என்றிருந்த அந்த மாதங்களில் செயலி இல்லாவிட்டால் நான் தவித்துப் போயிருப்பேன். இதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ஆனால் செயலி என்னை மெல்ல மெல்ல மாற்றியது. ஒவ்வொரு படத்தின் கீழும் ஈவைஎஃப்எஸ் கூறும் ஏழு கற்றல் துறைகளில் எது என்று தெரிவுசெய்ய ஒரு பட்டியல் விரியும். பிள்ளை சேற்றில் குதிப்பது உடல் வளர்ச்சியா, உலகத்தைப் புரிந்துகொள்வதா என்று நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் குதித்து முடித்துவிட்டு வேறிடம் போய்விட்டான். பிள்ளையோடு செலவிட வேண்டிய நேரத்தைக் கடதாசி வேலை தின்னக் கூடாது என்று அந்தக் கட்டமைப்பே சொல்கிறது. ஏழு துறைகளுக்கும் தினமும் படம் காட்ட வேண்டும் என்று என்னைத் தூண்டியது அரசாங்கமல்ல, திரையில் வெறுமையாகக் கிடந்த கட்டங்கள்தான். சில நாட்களில் படம் எடுப்பதற்காகவே ஒரு விளையாட்டை ஏற்பாடு செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு சம்பவங்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. ஒன்று, ஒரு படத்தின் மூலையில் இன்னொரு பிள்ளையின் முகம் பாதி தெரிந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் தங்கள் மகளின் படத்தைப் பிறருக்குப் பகிர அனுமதி தரவில்லை. நான் உடனே நீக்கிவிட்டு இரு வீட்டாரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மற்றது, ஒரு பையன் மேசை விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டான். குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, விபத்துப் பதிவை எழுதி, வழமைபோலச் செயலியில் ஏற்றினேன். அவனுடைய தாய் ஒரு கூட்டத்தில் இருந்தபோது திரையில் “தலையில் காயம்” என்ற இரண்டு சொற்களும் அல்லாமல் வேறெதுவும் தெரியாத ஓர் அறிவிப்பு வந்து விழுந்திருக்கிறது. கதி கலங்கி ஓடி வந்தவர் என் வாசலுக்கு வந்தபோது பையன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையில் அடி என்றால் முதலில் தொலைபேசியில் கதைப்பது, அதன் பின்னர்தான் எழுதுவது என்பதை அன்று விதியாக்கிக்கொண்டேன்.

இவற்றைக் காட்டிலும் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. அதை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கொப்பியின் மேற்பகுதி, அதாவது வீட்டார் எழுதும் கால்பகுதி, செயலியில் காணாமல் போயிருந்தது. பெற்றோர் பதில் எழுத அதில் இடம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு இதயக் குறியை அழுத்துவதோடு அவர்கள் நின்றுவிட்டார்கள். கொப்பி இருந்த காலத்தில் “இரவு மூன்று தரம் எழும்பினான்”, “நேற்றுப் பின்னேரம் தடுப்பூசி”, “அப்பா இன்று ஊருக்குப் போகிறார், தேடுவான்” என்று காலை ஆறரை மணிக்கு அவசரமாகக் கிறுக்கிய வரிகளை வைத்துத்தான் அன்றைய நாளை எப்படி நடத்துவது என்று நான் முடிவு செய்வேன். அது நின்றபோது நாட்குறிப்பு நான் மட்டும் பேசும் ஒன்றாக ஆகிவிட்டது.

இதில் அம்மம்மாக்களையும் மறக்கக் கூடாது. என்னிடம் இருந்த ஒரு தமிழ்ப் பையனைக் காலையில் கொண்டுவந்து விடுவதும் பின்னேரம் கூட்டிச் செல்வதும் அவனுடைய அம்மம்மாதான். அவரிடம் செயலி இல்லை, ஆங்கிலமும் குறைவு. 2022இல் அவனுக்காக மட்டும் மீண்டும் ஒரு கொப்பியைத் தொடங்கித் தமிழில் எழுதினேன். அவரும் அழகான கையெழுத்தில் தமிழில் பதில் எழுதினார். அவனுக்கு இரண்டு வயது கடந்து வளர்ச்சிச் சுருக்கம் எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. என் வீட்டில் மற்றப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொற்கள்தான் வந்தன. இரண்டு சொற்களைச் சேர்த்துக் கதைத்ததை நான் கேட்டதே இல்லை. கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். அம்மம்மாவின் பகுதியில் ஆறு கிழமைகளுக்கு முன்பே “தண்ணி தா” என்று இருந்தது. அடுத்த பக்கங்களில் “அம்மம்மா இரு”, “பஸ் போச்சு”. பிள்ளைக்குப் பேச்சு வந்திருக்கிறது, தமிழில் வந்திருக்கிறது. அந்த வரிகளை அப்படியே எடுத்து, பொருளை ஆங்கிலத்தில் விளக்கி, சுருக்கத்தில் சேர்த்தேன்; வீட்டு மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் பிள்ளைக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று கட்டமைப்பும் சொல்கிறது. அன்றிலிருந்து அவனோடு நானும் தமிழில் கூடுதலாகக் கதைத்தேன். ஒரு மாதத்தில் என் வீட்டிலும் “அன்ரி பார்” என்றான். செயலியில் அவனைப் பற்றி ஏறத்தாழ நூறு படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இதைச் சொல்லியிருக்காது.

அந்த ஆண்டின் இறுதியிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொப்பிக்குத் திரும்பிவிட்டேன். செயலியை முழுவதுமாக விடவில்லை: கிழமைக்கு இரண்டு மூன்று படங்கள், ஒப்பந்தங்கள், கட்டணக் கணக்கு ஆகியவற்றுக்கு அது இருக்கிறது. பெற்றோர் பிரிந்து இரண்டு வீடுகளில் வளரும் பிள்ளைக்குக் கொப்பி சரிவராது, அது எப்போதும் மற்ற வீட்டில்தான் இருக்கும். அத்தகைய ஒரு பிள்ளைக்கு மட்டும் தினசரிக் குறிப்பையும் செயலியிலேயே எழுதுகிறேன். கடதாசிக்கும் ஆபத்து உண்டு. ஒரே நிறப் பை வைத்திருந்த இரு பிள்ளைகளின் கொப்பிகளை ஒருமுறை மாற்றி வைத்து அனுப்பிவிட்டேன். திரையில் நடந்தாலும் தாளில் நடந்தாலும் அது பிறர் விவரத்தை வெளியிட்ட தவறுதான். இப்போது அட்டையில் பெயர் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்கு ஒட்டுப்படம் இருக்கிறது. பையில் வைப்பதற்கு முன் பிள்ளையிடமே “யானை யாருடையது?” என்று கேட்கிறேன். அவர்கள் பிழைவிடுவதில்லை.

எழுதக் கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளையின் பெயரைக் கொப்பியில் எழுத மாட்டேன். கடித்தது யார் என்பது கடிபட்ட பிள்ளையின் வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் பாதுகாப்புப் பற்றிய ஐயம் ஏதும் எழுந்தால் அது தனிக் கோப்புக்குப் போகும், நாட்குறிப்புக்கு ஒருபோதும் வராது. விபத்து, மருந்துப் பதிவுகளும் தனி. அவை என் வீட்டிலேயே இருக்கும், பெற்றோர் வாசித்துக் கையெழுத்திடுவார்கள். தொடக்க காலத்தில் ஒரு நாள், களைப்பில், “இன்று சரியான குழப்படி” என்று எழுதிவிட்டேன். அந்த இரண்டு வயதுக் குழந்தை காலையில் செய்ததை முற்றாக மறந்துவிட்ட நிலையில் இரவு ஏழு மணிக்கு ஏச்சு வாங்கியது. இப்போது கண்டதை மட்டுமே எழுதுகிறேன்: “இரண்டு முறை பொம்மையை எறிந்தான், நித்திரைக்குப் பின் எறியவில்லை.”

எழுதுவதற்குப் பிள்ளைக்கு நான்கு நிமிடம் ஆகிறது. செயலியில் படத்தைத் தெரிவுசெய்து, வெட்டி, குறியிட்டு ஏற்ற எனக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. கிழமையில் மூன்று நாள் வரும் பிள்ளைக்கு ஒரு கொப்பி எட்டு மாதம் போகும். வாங்குவதானால் நூலால் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். சுருள் கம்பி போட்டதைத் தவிருங்கள், அது பைக்குள் கம்பளிச் சட்டையில் சிக்கிக்கொள்கிறது, பல் முளைக்கும் குழந்தைகள் அதைக் கடிக்கவும் செய்கிறார்கள்.