நைலில் கோயில் பார்க்க எந்தப் படகு?

எகிப்தில் நைல் ஓரத்து ஊரான எட்ஃபூவின் கரையில் காலை ஏழு மணிக்கு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது குதிரை வண்டிகள்தான். நாலைந்து கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருப்பார்கள். நம் கப்பல் கடைசியில் நின்றால், மற்ற கப்பல்களின் வரவேற்பறை வழியாக ஒவ்வொன்றாகக் கடந்துதான் கரைக்கு வர வேண்டும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வண்டி ஏறி, ஒரே நேரத்தில் அங்குள்ள ஹோரஸ் கடவுளின் கோயில் வாசலில் இறங்குகிறார்கள்.

அந்தக் கோயிலோ அவசரமில்லாமல் பார்க்க வேண்டியது. கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் கட்டி முடித்தார்கள். உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், கூரை தாழும், தரை மெல்ல உயரும். கடைசியில் இருட்டுக் கருவறையில் பளபளப்பான ஒரே கல்லில் குடைந்த மாடம். நம் ஊர்ப் பழைய கோயில்களில் மண்டபம் தாண்டி கர்ப்பகிருகத்துக்குப் போகிற அதே உணர்வு. முதல் தடவை போனபோது எனக்கு அதன் முன்னால் இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. பின்னால் வரிசை தள்ளிக்கொண்டே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: நைல் பயணத்தில் அறை எவ்வளவு பெரிது, எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, எந்தக் கோயிலுக்கு எந்த நேரத்தில், எத்தனை பேரோடு போகப்போகிறோம் என்பதைக் கேளுங்கள். அதை முடிவு செய்வது படகுதான்.

பெரிய கப்பலை முதலில் எடுத்துக்கொள்வோம். வடக்கே லக்ஸரிலிருந்து தெற்கே அஸ்வான் என்றால் பெரும்பாலும் 4 இரவு, எதிர்த்திசையில் 3 இரவு. செலவு கட்டுப்படியாகும், ஏசி உண்டு, வழிகாட்டி கூடவே வருவார். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பஃபே சௌகரியம்: மொச்சை போன்ற பயற்றை அவித்துச் செய்த ஃபூல், நம் வடையைப் போன்ற தாமியா, ரொட்டி, பருப்பு சூப் என்று ஏதாவது கிடைத்துவிடும். லக்ஸரிலிருந்து கிளம்பும் 4 இரவுத் திட்டத்தையே எடுங்கள். லக்ஸரில் இருக்கும் கர்னாக் கோயிலின் 134 தூண் மண்டபத்துக்கு அதில்தான் நிதானமாக நேரம் கிடைக்கும். கோம் ஓம்போவிலும் கப்பல்காரர்களுக்குக் குறை இல்லை. கோயிலுக்குக் கீழேயே கப்பல் நிற்கும். முதலைத் தலைக் கடவுள் சோபெக்குக்கு ஒரு கருவறை, பருந்துத் தலை ஹோரஸுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. அந்தி வெளிச்சத்தில் புடைப்புச் சிற்பங்கள் எழுந்து நிற்கும்.

ஆனால் பல கப்பல்கள் எஸ்னாவில் தடுப்பணையில் கப்பலை ஏற்றி இறக்கும் லாக்கைத் தாண்டுவதோடு சரி. ஊருக்குள், தெரு மட்டத்துக்குச் சுமார் 9 மீட்டர் கீழே, குழிக்குள் நிற்கும் க்னூம் என்ற கடவுளின் கோயிலைக் காட்டாமலே போய்விடுவார்கள். 2018 முதல் அதன் தூண்களிலும் கூரையிலும் படிந்த கரியைத் துடைத்துச் சுத்தம் செய்ததில், நீலமும் சிவப்புமாகப் பழைய வண்ணங்கள் வெளியே வந்திருக்கின்றன. கூரையில் ராசிச் சக்கரம்கூட இருக்கிறது. அதை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

தஹபியா என்பது இரண்டு பாய்மரம் கொண்ட மரப்படகு. ஏழெட்டு அறைகள், இருபது பேருக்குள்தான். பெரும்பாலும் எஸ்னாவில் ஏற்றிக்கொண்டு தெற்கே அஸ்வானுக்குப் போகும். நைல் வடக்கே ஓடுகிறது, காற்றோ வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. அதனால் ஆற்றை எதிர்த்துப் போகப் பாய் போதும். பழைய எகிப்திய எழுத்தில் தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகும், வடக்கே போவதைக் குறிக்கப் பாய் இல்லாத படகும் வரைந்தார்கள். காற்று நின்றுவிட்டால் இழுவைப் படகு வந்து இழுக்கும்.

இதன் உண்மையான லாபம், பெரிய கப்பல் ஒதுங்க முடியாத கரைகளில் இது ஒதுங்கும் என்பதுதான். எல் காப் கல்லறைகளில் அஹ்மோஸ் என்ற கப்பல் வீரன், எகிப்தை ஆண்ட அந்நியர்களான ஹிக்சோஸ்களோடு போரிட்ட கதையைத் தானே சுவரில் சொல்லியிருக்கிறான். அப்புறம் கெபெல் எல் சில்சிலா. ஆற்றின் இரு கரையிலும் மணற்கல் மலையை நேர்க்கோடாக வெட்டி எடுத்த பள்ளங்கள். கர்னாக், எட்ஃபூ என்று நாம் பார்த்த கோயில்களின் கல் இங்கே வெட்டிப் படகில் ஏற்றிப் போனது. சுவரில் சாய்வாக, வரிசை வரிசையாக உளி விழுந்த தடம் இன்றும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. நாங்கள் போன மாலையில் எங்கள் படகு ஆட்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. எட்ஃபூவுக்கும் கூட்டம் கலைந்த பிறகு போனோம்; கருவறை முன்னால் கால் மணி நேரம் நின்றேன்.

குறை இல்லாமல் இல்லை. விலை கப்பலைவிட நன்றாகவே கூடுதல். கரைக்கு இறங்கப் பல இடங்களில் ஒரு பலகைதான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் தயங்காமல் கப்பலையே எடுங்கள்.

ஃபெலூக்காவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒற்றைப் பாய், திறந்த தட்டில் மெத்தை, பெரும்பாலும் கழிப்பறை கிடையாது. அஸ்வானில் மாலை இரண்டு மணி நேரம் சுற்ற அருமை, கோயில் யாத்திரைக்கு ஒத்துவராது.

அஸ்வான் உயர் அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரியில் போகும் பயணம் தனி ரகம். 1960இல் அஸ்வான் உயர் அணை கட்டத் தொடங்கியதும், மூழ்க இருந்த நூபியக் கோயில்களைப் பெயர்த்து மேட்டில் வைத்தார்கள். அபு சிம்பெல் கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, 1968க்குள் சுமார் 65 மீட்டர் மேலே மறுபடி அடுக்கினார்கள். அமாதா கோயிலின் வண்ணச் சிற்பங்களை அறுக்க மனமில்லாமல், அப்படியே தண்டவாளத்தில் ஏற்றி நகர்த்தினார்கள். வாடி எஸ் செபுவாவில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கருவறைச் சிற்பங்கள் மேல் சாந்து பூசிப் புனித பேதுருவை வரைந்தார்கள். பக்கத்துச் சிற்பம் அப்படியே இருப்பதால், இன்று எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸ் பேதுருவுக்குப் பூ கொடுப்பதுபோல் தெரிகிறது! இந்த ராம்சேஸின் மம்மியின் மூக்குக்குள்தான் மிளகு இருந்தது. மிளகு நம் பக்கத்துச் சரக்கு என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

இந்த ஏரிக் கோயில்களில் சிலவற்றுக்குத் தரைவழியாகப் போவது சிரமம். 3 அல்லது 4 இரவு, கப்பல்கள் குறைவு, கரையில் ஊரே இல்லை. அபு சிம்பெல் மட்டும் போதும் என்றால், அஸ்வானிலிருந்து விடியுமுன் கிளம்பும் வண்டியில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஃபிலே தீவுக் கோயிலுக்கு எந்தப் படகில் வந்தாலும் கடைசியில் மோட்டார் படகுதான். கி.பி. 394இல் பொறித்த, நாம் அறிந்த கடைசி எகிப்திய சித்திர எழுத்து அங்கே இருக்கிறது.

முதல் தடவை, பெற்றோர் துணையோடு என்றால் கப்பல். எஸ்னா கோயிலை மட்டும் லக்ஸரிலிருந்து காரில் தனியாகப் பார்த்துவிடுங்கள். நடக்கத் தெம்பும் கையில் கொஞ்சம் காசும் இருந்தால் லக்ஸரில் இரண்டு நாள் தங்கிவிட்டு தஹபியா. இரண்டாம் தடவைக்கு ஏரி. எதுவானாலும் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள். கோடையில் அஸ்வான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முன்பணம் கட்டுமுன் எட்ஃபூவில் எத்தனை மணிக்கு இறக்குவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.